மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்



குழுவில் கடன் கேட்கும்போது காரணம் எழுதுகிறோம். மாடு வாங்க, பள்ளிக் கட்டணம் கட்ட, வீடு பழுதுபார்க்க, மருத்துவச் செலவுக்கு என்று தீர்மான நோட்டில் வரிசையாக இருக்கும். இதில் மருத்துவச் செலவு என்று எழுதுவது பெரும்பாலும் ஆபரேஷன், பிரசவம், விபத்து போல ஒரே நேரத்தில் வந்து விழும் செலவுதான். மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் யாரும் கடன் கேட்பதில்லை. அது அரிசி, பருப்போடு சேர்ந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. கையில் காசு இல்லாத மாதம் என்ன செய்கிறோம்? அரிசியை நிறுத்த முடியாது. மாத்திரையை நிறுத்திவிடுகிறோம்.

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் இது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. சந்தா வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாக்கா?" என்று ஊக்குநர் கேட்டார். "இன்னிக்குப் போடாத நாளு" என்றார் அக்கா. அது என்ன போடாத நாள் என்று விசாரித்தால், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன். அப்பத்தான் பத்து மாத்திரை அட்டை இருபது நாளைக்கு வரும்" என்கிறார். அவர் சொன்னதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவர் பாதியாக உடைத்துப் போடுகிறார். ஒருவர் வீட்டுக்காரருக்கு மட்டும் வாங்கிக்கொடுத்துவிட்டுத் தான் போடுவதில்லை. இன்னொருவர், "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு தண்டமா?" என்று மூன்று மாதமாக நிறுத்தியே விட்டார்.

பிரஷரும் சர்க்கரையும் வலி காட்டாத நோய்கள். உடம்பு நன்றாக இருப்பது போலத் தோன்றும்போதே உள்ளே இரத்தக் குழாய், சிறுநீரகம், கண் எல்லாம் கெட்டுக்கொண்டிருக்கும். பக்கவாதம் வந்து படுத்த பிறகு வாங்கும் கடனை எந்தக் குழுவாலும் எளிதில் கொடுக்க முடியாது. ஆகவே செலவைக் குறைக்க மாத்திரையைக் குறைப்பது சரியான வழி அல்ல. மாத்திரையின் விலையைக் குறைக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். முடியும். அதற்கு முதலில் கையில் இருக்கும் அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

ஒரே மருந்துக்குப் பல பெயர்

காய்ச்சல் வந்தால் சிலர் குரோசின் கேட்கிறோம், சிலர் கால்பால் கேட்கிறோம், சிலர் டோலோ கேட்கிறோம். மூன்றுக்குள்ளும் இருக்கும் மருந்து ஒன்றே. அதன் பெயர் பாராசிட்டமால். குரோசின், டோலோ என்பதெல்லாம் கம்பெனி வைத்த பெயர்கள். பாராசிட்டமால் என்பது மூலப்பெயர். இதைத்தான் ஜெனரிக் பெயர் என்கிறார்கள். பொன்னி அரிசியை ஒரு வியாபாரி ஒரு படம் போட்ட பையிலும், இன்னொருவர் வேறு படம் போட்ட பையிலும் விற்பது மாதிரி. பையின் படத்தைச் சொல்லிக் கேட்டால் அந்த வியாபாரி வைத்ததுதான் விலை. பொன்னி என்று கேட்டால் நாலு கடையில் விலை விசாரிக்கலாம்.

எந்த மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் அச்சிட்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு எண்ணும் மி.கி. என்பதும் இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும். நமக்குப் படிக்க வராவிட்டால் என்ன, எட்டாவது படிக்கும் பிள்ளை படித்துச் சொல்லும். சர்க்கரைக்கு அதிகமாகத் தருவது மெட்பார்மின், கிளிமிபிரைடு. பிரஷருக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன், அட்டெனலால். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அட்டைகளை உரசிப் பார்த்தால் இந்த நாலைந்து பெயர்களுக்குள்தான் வரும்.

பெயர் தெரிந்தால் போதாது, எண்ணும் வேண்டும். மெட்பார்மின் 500 என்பது வேறு, 1000 என்பது வேறு. சில மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்றோ, எக்ஸ்.ஆர். என்றோ, இ.ஆர். என்றோ இரண்டு எழுத்து இருக்கும். அது மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை. அதைப் பொடித்தோ மென்றோ தின்னக்கூடாது. அதற்குப் பதிலாகச் சாதா மாத்திரையை வாங்கவும் கூடாது. சில அட்டைகளில் இரண்டு மூன்று மூலப்பெயர்கள் வரிசையாக இருக்கும். அது கூட்டு மாத்திரை. ஆக, மூலப்பெயர், எண், பின்னால் வரும் எழுத்து, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே மாத்திரை என்று சொல்லலாம்.

இது காசுக்காக மட்டும் சொல்வதல்ல. நம் உறுப்பினர் ஒருவர் தனியார் டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அரசு ஆஸ்பத்திரியிலும் சீட்டுப் போட்டு அங்கே தந்த மாத்திரையையும் சேர்த்துப் போட ஆரம்பித்தார். ஒன்று மஞ்சள் நிறம், ஒன்று வெள்ளை. வேறு வேறு மாத்திரை என்று நினைத்துவிட்டார். இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைடு. மூன்றாம் நாள் களையெடுக்கும்போது வேர்த்து, கை கால் நடுங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். (நினைவு இருக்கும்போதுதான் வாயில் கொடுக்க வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.) அட்டையில் உள்ள பெயரைப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்த அக்கா அப்படி விழுந்திருக்க மாட்டார். அங்கே எழுதிய சீட்டை இங்கேயும் இங்கே எழுதியதை அங்கேயும் காட்டியிருந்தாலும் டாக்டரே சொல்லியிருப்பார்.

விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரு கம்பெனி புது மருந்தைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை கிடைக்கும். 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. அதுவரை அவர்கள் வைத்ததுதான் விலை. உரிமை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அரசு அனுமதி வாங்கிச் செய்யலாம். விலை தானாக இறங்கும்.

நம் நாட்டில் 1970-ல் ஒரு காப்புரிமைச் சட்டம் போட்டார்கள். மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் உரிமை, மருந்துக்கு அல்ல என்றது அந்தச் சட்டம். அதனால் வெளிநாட்டுக் கம்பெனி கண்டுபிடித்த மருந்தை நம் கம்பெனிகள் வேறு முறையில் செய்து மலிவாக விற்றன. எய்ட்ஸ் மருந்து கதையைக் கேட்டால் இதன் அருமை புரியும். ஒருவருக்கு ஒரு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்த எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறோம் என்று 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி அறிவித்தது. ஆப்பிரிக்காவில் ஏழைகளுக்கு அந்த மருந்து கிடைக்க வழி திறந்தது அப்போதுதான். 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக நம் சட்டம் மாறியது. இப்போது மருந்துக்கே 20 ஆண்டு உரிமை உண்டு. ஆனாலும் உரிமை முடிந்தால் என்ன நடக்கும் என்பதை 2025 மார்ச்சில் பார்த்தோம். எம்பாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. உரிமை முடிந்த அதே மாதத்தில் பல கம்பெனிகள் போட்டி போட்டு இறக்கின. 10 ரூபாய்க்கும் குறைவாகக்கூட வந்தது. அந்த மாத்திரை போடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்து, இன்னும் பழைய விலையே கொடுத்துக்கொண்டிருந்தால், உடனே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, நாம் போடும் மெட்பார்மினும் அம்லோடிபினும் மிகப் பழைய மருந்துகள். அவற்றின் மேல் யாருக்கும் உரிமை கிடையாது. பிறகு ஏன் ஒரு கம்பெனி ஒரு விலை, இன்னொரு கம்பெனி அதைவிடப் பல மடங்கு விலை? டாக்டரைப் போய்ப் பார்க்கும் பிரதிநிதிகளின் சம்பளம், விளம்பரம், மொத்த வியாபாரி பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. மருந்தின் அடக்கவிலை அதில் சிறு பகுதிதான்.

அரசு சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் என்று 1997-ல் அமைத்திருக்கிறார்கள். 2013-ல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை உண்டு. 2022-ல் வெளியான பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. பல கூட்டு மாத்திரைகள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. தனித்தனியாக வாங்கினால் மலிவான இரண்டு மருந்துகளை ஒன்றாக்கிய மாத்திரை விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டு மாத்திரை எல்லாமே தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. ஒரு மாத்திரையில் முடிவது மறதிக்காரர்களுக்கு நல்லதுதான். "தனித்தனியா எழுதினா செலவு குறையுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

தள்ளுபடிப் பலகையை நம்பலாமா?

'20 சதவீதம் தள்ளுபடி' என்று கடைக்கு வெளியே பலகை வைத்திருப்பார்கள். தள்ளுபடி என்றதும் நமக்கு ஆடி மாதத் துணிக்கடை நினைவு வந்துவிடுகிறது. கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம். கீழே சொல்லும் விலைகள் பாடத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் அட்டையில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கடையில் பத்து மாத்திரை அட்டை 120 ரூபாய். 20 சதவீதம் தள்ளுபடி போக 96 ரூபாய். ஒரு மாத்திரை 9 ரூபாய் 60 பைசா. இரண்டாவது கடையில் அதே மூலப்பெயர், அதே எண். வேறு கம்பெனி. தள்ளுபடி ஒரு பைசா கிடையாது. பத்து மாத்திரை 35 ரூபாய். ஒரு மாத்திரை 3 ரூபாய் 50 பைசா. மூன்றாவது கடையில் அட்டை 45 ரூபாய், விலை கூடுதல் போலத் தெரியும். எண்ணிப் பார்த்தால் அதில் 15 மாத்திரை. ஒன்று 3 ரூபாய்தான்.

ஆகவே அட்டையின் விலையை அட்டையில் உள்ள மாத்திரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் விலையை மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகளால் பெருக்க வேண்டும். தவணை வட்டியையே வாய்க்கணக்காகப் போடுகிற நமக்கு இது பெரிய கணக்கா?

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஜெனரிக் என்று சொல்லிச் சாதாரணக் கடைகளில் தரும் சில மாத்திரைகளில் அச்சிட்ட விலை பெரிய கம்பெனி விலைக்குக் கிட்டத்தட்ட இருக்கும். கடைக்காரருக்கு அது மிகக் குறைந்த விலைக்கு வந்திருக்கும். நடுவில் உள்ளது அவர் லாபம். அதில் கொஞ்சத்தைத் தள்ளுபடி என்று நமக்குக் காட்டுவார். சட்டப்படி அது குற்றம் இல்லை. ஆனால் ஜெனரிக் வாங்கிவிட்டோம் என்று நாம் திருப்தியோடு வீட்டுக்கு வருவது ஏமாற்றம். ஜெனரிக் என்ற சொல்லுக்கே விலை குறைவு என்று அர்த்தம் கிடையாது. ஒரு மாத்திரை எவ்வளவு என்பதே கேள்வி.

இப்போது ஒரு வீட்டு மாதக் கணக்கு. சர்க்கரை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, மாதம் 60. ஒன்று 4 ரூபாய் என்றால் 240. பிரஷர் மாத்திரை 30, ஒன்று 9.60 என்றால் 288. கொழுப்பு மாத்திரை 30, ஒன்று 12 என்றால் 360. மொத்தம் 888 ரூபாய். அதே மருந்துகளை விலை குறைந்த இடத்தில் 1.50, 2.50, 3 ரூபாய் என்று வாங்கினால் 90, 75, 90. மொத்தம் 255 ரூபாய். மாதம் 633 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 7,596 ரூபாய். நம்மில் பலர் மாதம் 200 ரூபாய் சந்தா கட்ட எவ்வளவு பாடுபடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குள் வரியும் அடக்கம். தனியாக ஜி.எஸ்.டி. கேட்டால் கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் பில்லோடு, விலை நிர்ணய ஆணையத்தின் 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். பில் இல்லாவிட்டால் புகாருக்கு வலு இல்லை. எனவே பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்கள்.

எங்கே போய் வாங்குவது?

முதலில் காசே வேண்டாத இடத்தைச் சொல்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை இலவசம். இது எப்படி முடிகிறது? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் வேண்டிய மருந்தை மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது இந்தக் கழகம். மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. வந்த மருந்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். 2011-ல் இராஜஸ்தான் மாநிலம் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது நம் ஊர் முறையைப் பார்த்துத்தான் அமைத்தது. நம்மில் பலர் "அது கவர்மெண்டு மாத்திரை, கேக்காது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறோம். அதே மருந்து, வண்ணமும் பளபளப்பான டப்பாவும்தான் இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வேலைக்குச் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். நம் குழுக்களிலேயே அப்படி வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். யாரிடம் பதிவு செய்வது என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

அங்கே கிடைக்காத மருந்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, மத்திய அரசின் மக்கள் மருந்தகம். ஜன் ஔஷதி என்ற பெயர்ப்பலகை இருக்கும். 2008-ல் தொடங்கிய திட்டம். 2025 தொடக்கத்தில் நாடு முழுக்க 15,000 கடைகளைத் தொட்டது. அங்கே எல்லாமே மூலப்பெயரில்தான் இருக்கும். இன்னொன்று, தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ல் ஒரே நாளில் திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்கள். கூட்டுறவுச் சங்கங்களும், பார்மசி படித்த தொழில்முனைவோரும் நடத்துவதற்காக ஏற்படுத்தியவை. அதற்கு முன்பே பல ஊர்களில் கூட்டுறவு மருந்துக் கடைகள் உண்டு.

இந்தக் கடைகள் பெரும்பாலும் டவுனில்தான் இருக்கும். போக வர ஒரு நாள் கூலி போய்விட்டால் மிச்சம் எங்கே? இதற்கு ஒரு குழு கண்டுபிடித்த வழி நமக்குப் பிடித்திருந்தது. மாதம் ஒருமுறை வங்கிக்குப் பணம் கட்டப் போகும் பிரதிநிதியே ஆறு பேரின் மருந்துச் சீட்டையும் எடுத்துப்போய் வாங்கி வந்துவிடுகிறார். ஒவ்வொருவர் மருந்தையும் தனித்தனிக் கவரில் போட்டு, பெயர் எழுதி, பில்லையும் உள்ளே வைத்துவிடுகிறார். முதல் மாதம் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுவந்து பிரிக்க முடியாமல் திண்டாடிய பிறகுதான் இந்த ஏற்பாடு. போகுமுன் கடைக்குப் போன் செய்து இருப்பு உள்ளதா என்று கேட்பது நல்லது. இந்தக் கடைகளில் சில மருந்து சில மாதம் இல்லாமல் போவது உண்டு. அதனால் கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

விலை குறைந்தால் வீரியம் குறையுமா?

கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சட்டப்படி மூலப்பெயரில் வருவதற்கும் கம்பெனிப் பெயரில் வருவதற்கும் தர அளவு ஒன்றுதான். 500 மி.கி. என்று போட்டால் அந்த அளவு மருந்து உள்ளே இருக்க வேண்டும், குறித்த நேரத்தில் கரைய வேண்டும். உடம்பில் எளிதில் கரைந்து சேராத சில வகை மருந்துகளுக்கு, அசல் மருந்துக்குச் சமமாக இரத்தத்தில் சேருகிறது என்று நிரூபித்தால்தான் அனுமதி என்று 2017-ல் விதி வந்தது.

நடைமுறையில் தரக்குறைவு இல்லவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதா மாதம் வெளியிடுகிறது. அதில் மலிவு மாத்திரையும் வரும், விலை கூடிய மாத்திரையும் வரும். விலையை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. நமக்கு வேறு ஒரு அளவுகோல் இருக்கிறது. மாத்திரை மாற்றிய பிறகு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். முன்பு இருந்த அளவிலேயே இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது. ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பார்க்காமலே "இது கேக்கலை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிலவற்றில் மட்டும் கவனம் கூடுதலாக வேண்டும். வலிப்பு நோய் மாத்திரை, தைராய்டு மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இவற்றில் சிறு வித்தியாசமும் உடம்பைப் பாதிக்கும். இவற்றைக் கம்பெனி மாற்றி வாங்குவதாக இருந்தால் டாக்டருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தால், சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்துகளைக் கடைக்காரர் தானாக வேறு கம்பெனிக்கு மாற்றித் தரக்கூடாது என்பது விதி. எனவே ஆரம்பிக்க வேண்டிய இடம் டாக்டரின் மேசைதான். மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதியில் 2016-ல் திருத்தமே வந்திருக்கிறது. இது தெரிந்தால் நமக்குப் பயம் குறையும்.

நம் பெண்களுக்கு டாக்டர் முன்னால் வாய் வராது. அவர் கோபித்துக்கொள்வாரோ, படிக்காதவள் என்று நினைப்பாரோ என்று தயங்குவோம். ஒரு தங்கை இப்படிக் கேட்டார். "டாக்டரம்மா, நீங்க எழுதினதைத் தவறாமப் போடணும்னுதான் ஆசை. மாசம் இவ்வளவு கட்டுப்படியாகலை. மூலப்பேரை எழுதிக் கொடுத்தீங்கன்னா மக்கள் மருந்தகத்துல வாங்கிக்குவேன்." டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு நாலு மாத்திரையில் ஒன்று இனி தேவையில்லை என்று அடித்தும் விட்டார். அது எப்போதோ வயிற்றெரிச்சலுக்கு எழுதிய மாத்திரை. இரண்டு வருடமாக யாரும் கேட்காததால் சீட்டில் தொடர்ந்துகொண்டிருந்தது. "இதில் எதை நிறுத்தலாம்?" என்ற கேள்வியையும் அதனால் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதை டாக்டர் செய்யட்டும், நாமாகச் செய்ய வேண்டாம். எல்லா டாக்டரும் இப்படி இருப்பார்கள் என்று இல்லை. "இந்தக் கம்பெனிதான் வேணும்" என்பவரும் உண்டு. ஏன் என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காரணம் சரியாக இருந்தால் கேட்டுக்கொள்வோம். இல்லாவிட்டால் சுகாதார நிலையம் இருக்கவே இருக்கிறது.

கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் நம் கையில் வருகிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத மாத்திரைகளை நாலைந்து சேர்த்துக் காகிதத்தில் மடித்து, உடம்பு வலிக்கு என்று கொடுத்தால் வாங்கவே வேண்டாம். என்ன மருந்து என்று தெரியாததை மலிவு என்றும் சொல்ல முடியாது, விலை என்றும் சொல்ல முடியாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை எகிறிவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு

எல்லா உறுப்பினரும் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகளையும், டாக்டர் சீட்டையும் கொண்டு வாருங்கள். மாமியார், மாமனார், வீட்டுக்காரர் மாத்திரைகளையும் சேர்த்துத்தான். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒருவரோ இருவரோ உடன் இருக்கட்டும். ஒரு நோட்டில் உறுப்பினர் பெயர், மூலப்பெயர், எண், ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு மாத்திரை விலை, மாதச் செலவு என்று ஆறு கட்டம் போடுங்கள். ஒரே மூலப்பெயர் ஒருவருக்கு இரண்டு முறை வந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு, மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாரும் யாருடைய மாத்திரையையும் மாற்றவோ நிறுத்தவோ சொல்ல வேண்டாம். அது நம் வேலை அல்ல. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் கடன் வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

முதலில் சொன்ன அந்த அக்காவின் குழுவில் இப்படி நோட்டுப் போட்டார்கள். அவருடைய பிரஷர் மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி. இத்தனை நாள் அவர் கடையில் வாங்கிக்கொண்டிருந்தது கம்பெனிப் பெயரில் இருந்ததால், இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது போடாத நாள் என்று எதுவும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் 104 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் குழு நோட்டில் என்ன தெரிய வந்தது என்று கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.